சீரகப் பெயர்கள்: பயிர் வரலாறும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம் ஆகிய மூன்றும் தமிழில் பெயரளவில் ஓரினம். தாவரவியலார் கண்ணில் அவ்வாறல்ல. முதலிரண்டும் கொத்தமல்லி, ஓமம் ஆகியவற்றோடு, குடைபோல் விரியும் பூங்கொத்துடைய குடும்பத்தைச் சார்ந்தவை. கருஞ்சீரகம் அக்குடும்பத்தின் புறத்தது. விதை என்று வழங்கும் சீரகமும் உண்மையில் உலர்ந்த கனியே. மக்கள் வழக்கு வடிவையும் பயனையும் நோக்கிப் பெயரிடுகின்றது; இனத்தை நோக்குவதில்லை.

சீரகத்தின் பெயர் வரலாறு இரு கிளைப்பட்டது. அக்காதியத்தில் கமூனு, எபிரேயத்தில் கம்மோன், அரபியில் கம்மூன், கிரேக்கத்தில் குமினோன், இலத்தீனில் குமினும் என ஒரு கிளை மேற்கே சென்றது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிசு படித்தறிந்த நேர்கோட்டு எழுத்து 'பி' களிமண் பலகைகளிலேயே இது 'குமினோ' எனக் காணப்படுகின்றது. மற்றொரு கிளை பாரசீகத்து ஸீரா, வடமொழி ஜீரக, இந்தி ஜீரா என்பன. சீன மொழியின் ஸிரன் என்பதும் உய்குர் வழியாகச் சென்ற இக்கிளைச் சொல்லே. தமிழ்ச் சீரகமும் கன்னட ஜீரிகெயும் மலையாள ஜீரகமும் வடசொல்லின் வழிவந்தவை. 'சீர் அகம்' எனப் பிரித்து, வயிற்றைச் சீராக்குவது என்று கூறும் விளக்கம் நயமுடையதேயன்றிச் சொல்லாராய்ச்சியாகாது.

இக்கடன் பேற்றுக்கு நிலமும் காரணமாகலாம். சீரகம் நவம்பரில் விதைக்கப்பெற்று வறண்ட குளிரில் வளரும் பயிர். மேகமூட்டமும் ஈரக்காற்றும் நீடித்தால் கருகல் நோய் பற்றும். ஆகவே இராசத்தானும் குசராத்தும் இதன் தாயகம் போலாயின. மேசாணா மாவட்டத்து ஊஞ்சா பெருஞ்சந்தையாயிற்று. வடகிழக்குப் பருவமழை பொழியும் அதே காலத்தில் தமிழகத்தில் இப்பயிர் தழைத்தல் அரிது. சரக்கு வந்த வழியே சொல்லும் வந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

கொத்தமல்லியின் நிலை வேறு. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் அதே மழையை நம்பி விளைவது அது. தெலுங்கில் கொத்திமிரி, கன்னடத்தில் கொத்தம்பரி என இன வடிவங்கள் உள்ளன. வடமொழியிலோ தான்யக என்பதோடு 'குஸ்தும்புரு' என்னும் சொல்லும் உண்டு. பாணினி இதற்கெனத் தனி நூற்பாவே (6.1.143) வகுத்துள்ளார்: இனப்பெயராகும்போது இடையில் சகரம் தோன்றும் என்பது விதி. அஃதில்லையேல் இழிந்த தும்புருக் கனி என்று பொருள்படும் என்பர் உரையாளர். ஒரு சொல்லுக்காகத் தனி விதி வேண்டியது அச்சொல் மரபுக்கு அயலானதோ என எண்ணத் தூண்டலாம்; அதுவே சான்றாகாது. கொத்தம்பரியோடு அதனை ஒப்பிட்டுத் திராவிடச் சார்பு கூறுவதில் தவறில்லை. தமிழர் அதனைக் கொத்து, மல்லி எனப் பிரித்துணர்ந்தனர். பின் 'மல்லி' மட்டுமே நின்றது. மதுரைப் பூக்கடையில் மல்லி வேறு, மளிகைக் கடையில் மல்லி வேறு என்பதை அயல்மொழியார்க்கு விளக்குதல் எளிதன்று.

மொழிபெயர்ப்பாளர்க்குப் பெருந்தடை அடைமொழிகளே. இந்தியில் 'காலா ஜீரா' பெரும்பாலும் இமயமலைச் சரிவுகளில் விளையும் மெல்லிய கனி; இமாசலத்து வகை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதனைச் சொல்லுக்குச் சொல் 'கருஞ்சீரகம்' என்றால் பொருளே மாறிவிடும். தமிழ்க் கருஞ்சீரகத்துக்கு நேரான இந்திச் சொல் கலோஞ்சி. ஆனால் வங்கத்தில் அதே பொருளே 'காலோ ஜிரே' எனப்படுதலின் அங்கே நேர்மொழிபெயர்ப்பு பொருந்துகின்றது. ஒரே தொடர் ஒரு மொழியில் பிழை, மற்றொன்றில் சரி. மருத்துவக் குறிப்புகளில் இத்தகைய பிழை சொற்பிழையோடு நிற்பதில்லை.

பெருஞ்சீரகம் தமிழகத்தில் சோம்பு எனவும் வழங்கும். ஈழத்தமிழர் நற்சீரகம் அல்லது சின்னச்சீரகம் எனவும் பெருஞ்சீரகம் எனவும் அடை கொடுத்து இரண்டையும் பிரிப்பர். மலையாள 'நல்ல ஜீரகம்' இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்போர் ஃபென்னல், அனிஸ் இரண்டுக்கும் சோம்பு என்றே எழுதி விடுகின்றனர்.

வங்காளியரின் 'பாஞ்ச் ஃபோரன்' எனும் ஐந்து விதைத் தாளிப்பில் சிலர் கடுகுக்கு மாற்றாக 'ராந்துனி' சேர்ப்பர். ஓமத்துக்கு உறவாயினும் ஓமமன்று. ஓமம் எனப் பெயர்த்தால் மணம் தவறிவிடும். வங்கத்தில் அச்சொல்லுக்கே சமையல் செய்பவர் என்னும் பொருளும் உண்டு. விதையைக் குறிக்குமிடத்தில் ராந்துனி என ஒலிபெயர்த்து, அது ஒரு விதை என உடன் எழுதுதலே தக்கது.