லயத்துச் சுவரில் நீலமும் காவியும்



சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பஸ்ஸில் போகையில், செம்மோர் அருகே கந்தான் குன்றின் வெள்ளை முகத்தை நாம் பார்த்திருக்கிறோம். அது சுண்ணாம்புக் கல். அத்தகைய கல்லைச் சூளையில் சுட்டு, நீர் விட்டுக் கரைத்ததே லயத்துக் கற்சுவர்களில் ஏறிய சுண்ணாம்பு. பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, அது மறுபடியும் கல்லாகிவிடும். காரம் மிக்கதாகையால் கிருமிகளையும் ஒடுக்கும். தோட்ட நிர்வாகங்கள் சுகாதாரத்தை எண்ணியே வெள்ளையடித்தன. வீட்டின் அழகு அவர்கள் கணக்கில் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கணக்கு நம் தாய்மாருடையது. தீபாவளிக்கு முன் சுண்ணாம்பில் சலவை நீலத்தைக் கரைத்து உட்சுவரில் பூசுவார்கள், அடிச்சுவருக்குக் காவி. ஏன் இந்த இரண்டு நிறங்கள்?

சுண்ணாம்பின் காரம் எல்லா நிறங்களையும் விட்டுவைப்பதில்லை. பிரஷ்ய நீலம் என்னும் சாயம் அதில் கெட்டுவிடும். காவி இரும்புத் துருவின் இனம்; தாங்கும். சலவை நீலத்திலுள்ள அல்ட்ராமரீனும் தாங்கும். முற்காலத்தில் ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டிய நீலக்கல்லை அரைத்துத்தான் இதனைச் செய்தார்கள். ஐரோப்பிய ஓவியர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள். இதைச் செயற்கையாகச் செய்வோருக்கு 1824இல் பிரான்சில் ஒரு சங்கம் பரிசு அறிவித்தது. 1828இல் கிமே என்பவர் அதைப் பெற்றார். அதன் பிறகே அந்த நீலம் மலிந்து, சில காசுக்குத் தோட்டத்துக் கடை வரை வந்தது.

நீலத்தைக் குளிர் நிறம் என்றும், காவியையும் மஞ்சளையும் வெப்ப நிறம் என்றும் ஓவியர் சொல்வர். ஜெர்மானியக் கவிஞர் கோதே 1810இல் வெளியிட்ட நிறநூலிலும் இந்தப் பிரிவு உண்டு. ஆனால் லயத்தில் இவற்றுக்கு வேறு வேலை இருந்தது. விறகடுப்புப் புகையில் சுவர் மஞ்சளேறும். நீலம் அதை மறைத்து வெளுப்பாகக் காட்டும். மழைநாளில் தெறிக்கும் செம்மண்ணைக் காவி மறைக்கும். நம் தாய்மார் எந்த நிறநூலையும் படித்தவர்கள் அல்லர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின் மலிவு விலை வீடுகளுக்கு வந்த நம்மில் பலர், அறை குளிரட்டும் என்று உள்ளே நீலச் சாயம் தேடுகிறோம். நீலம் கண்ணுக்குத்தான் குளிர்ச்சி. அறையின் சூட்டைக் குறைக்காது. வெயில் கூரை வழியாகவும் மேற்குச் சுவர் வழியாகவும் இறங்குகிறது. வெளிர் நிறத்தை அவற்றின் வெளிப்புறத்தில் பூசினால் பலன் தெரியும். உள்ளே மஞ்சளோ நீலமோ, பிள்ளைகளைக் கேட்டுப் பூசலாம்.

ஒரு செய்தி. பழைய சுண்ணாம்பின் மேல் இன்றைய பிளாஸ்டிக் சாயம் ஒட்டாது; ஓராண்டுக்குள் செதிலாக உரியலாம். முதலில் சுரண்டிக் கழுவி, சுவரை நன்றாக உலரவிட வேண்டும்.