நாய்க்கடி ஊசியும் குன்னூரும்

நம் கொடைக்கானலில் பல வீடுகளில் நாயோ பூனையோ இருக்கிறது. அதனால் இந்த வரலாறு நமக்குத் தேவை.

1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேய இளம்பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அப்போது இந்தியாவில் இதற்குச் சிகிச்சை வடக்கே, இமயமலைப் பக்கத்துக் கசௌலியில்தான் கிடைத்தது. அந்த இழப்பே, அமெரிக்கர் ஹென்றி பிப்ஸின் நன்கொடையோடு, 1907இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் உருவாகக் காரணமாயிற்று.

என் தலைமுறை பயந்த, தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. இன்று கையில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

அன்று தூரம் உயிரைப் பறித்தது. இன்று நாட்டு மருந்து வைத்துக் காத்திருப்பது பறிக்கிறது. நாய் கடித்தாலும் பூனை பிறாண்டினாலும், 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வளர்க்கும் குட்டிக்கு 3 மாதத்தில் ஊசி, பிறகு ஆண்டுதோறும். மறக்காதீர்கள்.