எதிர்வினையா, பழுதா? நுரையீரல் மாற்றின் முதல் 72 மணி நேரம்

1963 ஜூன் 11 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜேம்ஸ் ஹார்டி மனிதருக்கு முதன்முறையாக நுரையீரல் மாற்று அறுவை செய்தார். நோயாளி, கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற கைதி. 18 நாள் வாழ்ந்து, சிறுநீரகச் செயலிழப்பால் இறந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழ நாற்பது முயற்சிகள் நடந்தன. 1968இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஃப்ரிட்ஸ் டெரோம் அறுவை செய்த நோயாளியே அவர்களுள் நீண்ட காலம் வாழ்ந்தவர். அதுவும் பத்து மாதமே.

இத்தோல்விகளுக்கு இரண்டு காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படும்: புதிய உறுப்பை உடல் நிராகரித்தல், மூச்சுக்குழாய் இணைப்பு ஆறாமல் பிரிதல். மூன்றாவது ஒன்றும் இருந்தது. அதற்கு நெடுநாள் நிலையான பெயர் அமையவில்லை என்பதே மொழியியல் பயின்ற என்னை இவ்வரலாற்றின்பால் ஈர்த்தது.

அறுவை முடிந்த ஓரிரு நாளில் எக்ஸ்ரே படத்தில் புதிய நுரையீரல் வெண்மையாகத் தெரியும்; இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். இது நிராகரிப்பா, தொற்றா, வேறொன்றா? நிராகரிப்பு என்று கொண்டால் ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டும். ஆனால் ஸ்டீராய்டு, மூச்சுக்குழாய் இணைப்பு ஆறுவதைத் தாமதப்படுத்தும் மருந்து. ஆக, பெயர் பிழைத்தால் நோயாளிக்கே கேடு.

இந்த முடிச்சை அவிழ்த்த சோதனை எளிமையானது. நியூயார்க்கில் சீகல்மன், சின்ஹா, வைத் ஆகியோர் நாயின் நுரையீரலை அகற்றி, அதே நாய்க்கே மீண்டும் பொருத்தி ஆராய்ந்தனர். தன் உறுப்பைத் தன் உடல் நிராகரிக்க வழியில்லை. எனினும் அதே வெண்மை தோன்றியது. சில நாளில் மறைந்தது. 1973இல் அவர்கள் இதற்கு ‘ரீஇம்ப்ளான்டேஷன் ரெஸ்பான்ஸ்’, அதாவது மறுபொருத்தல் எதிர்வினை, என்று பெயரிட்டனர்.

நிராகரிப்பிலிருந்து இதைப் பிரித்துக் காட்டியது பெரும் பணி. ஆனால் ‘எதிர்வினை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதில் பழுது என்ற பொருள் இல்லை. அறுவை செய்தால் இது நேரும், பின்பு தீரும் என்ற அமைதி அதில் தொனிக்கிறது. நாய்களைப் பொறுத்தவரை அது பொருந்தியிருக்கலாம்.

1983இல் டொரான்டோவில் ஜோயல் கூப்பர் செய்த ஒற்றை நுரையீரல் மாற்றில் நோயாளி ஆறாண்டுக்கு மேல் வாழ்ந்தார். பல மையங்கள் இத்துறைக்குள் வந்தன, சொற்களும் பெருகின. ஒருவருக்கு அது ‘மீள்குருதியோட்ட வீக்கம்’, மற்றொருவருக்கு ‘முதன்மைச் செயலிழப்பு’. ஒருவர் எண்ணியதை மற்றவர் எண்ணவில்லை. ஆகவே விகிதங்களை ஒப்பிட இயலவில்லை.

இதற்கிடையே காரணம் தெளிவுபட்டுவந்தது. இரத்தமின்றிக் குளிரில் இருந்த நுரையீரலுக்குள் இரத்தம் மீண்டும் பாயும்போது நுண்குழாய்ச் சுவர் சேதமுறுகிறது. நீர்மம் காற்றறைகளில் கசிகிறது. உறுப்பைக் காத்த கரைசலுக்கும் இதில் பங்குண்டு. தொடக்கத்தில் பரவலாகப் பயன்பட்ட யூரோ-காலின்ஸ், சிறுநீரகத்துக்கென உருவானது. அதன் மிகுந்த பொட்டாசியம் நுரையீரல் நாளங்களைச் சுருக்கியது. பொட்டாசியம் குறைந்த டெக்ஸ்ட்ரான் கரைசல் பின்னர் அவ்விடத்தைப் பிடித்தது. தவிர்க்க இயலாததாகக் கருதப்பட்டதில் ஒரு பகுதி தவிர்க்கக்கூடியதே என்று இதை நான் வாசிக்கிறேன்.

2005இல் பன்னாட்டு இதய, நுரையீரல் மாற்றுச் சங்கம் ‘முதன்மை மாற்றுறுப்புச் செயற்குறைபாடு’ என்ற பெயரை வரையறுத்தது. தமிழாக்கம் என்னுடையது, மேம்பட்டது இருப்பின் ஏற்பேன். முதல் 72 மணி நேரத்துக்குள், எக்ஸ்ரேயையும், தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை மூச்சிலேற்கும் ஆக்சிஜனின் பின்னத்தால் வகுத்த ஈவையும் கொண்டு, 0 முதல் 3 வரை தரம் இடப்படும். வெண்மை தோன்றி ஈவு 200க்குக் கீழிறங்கினால் மூன்றாம் தரம். 2016இல் இவ்வரையறை திருத்தப்பட்டது.

‘செயற்குறைபாடு’ உணர்ச்சியற்ற, அலுவலகத்தனமான சொல்தான். ஆனால் அதற்குப் படிகள் உண்டு, ‘எதிர்வினை’க்கு இல்லை. படிகள் வந்தபின் நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஒப்பிட முடிந்தது. 72 மணி நேரத்தில் மூன்றாம் தரத்தில் இருந்தோரிடையே தொடக்ககால இறப்பு மிகுந்திருந்தது. பிழைத்தோருக்கும், நுண்மூச்சுக்குழல்கள் மெல்ல அடைபடும் நாட்பட்ட நோய் பின்னாளில் வரும் வாய்ப்புக் கூடியிருந்தது. 1973இல் சில நாளில் மறைவதாகப் பெயரிடப்பட்ட ஒன்று, எக்ஸ்ரேயிலிருந்து மட்டுமே மறைந்திருந்தது.