கார்னர்பேக் மதிப்பீடு: என்எஃப்எல் டிராஃப்டுக்கு முன்

கார்னர்பேக் மதிப்பீடு என்பது, அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி அணிகளுக்கு ஆடும் கார்னர்பேக்குகளில் யார் தொழில்முறை ஆட்டத்தில் நிலைப்பார் என்று என்எஃப்எல் அணிகள் ஆண்டுதோறும் டிராஃப்டுக்கு முன் எடைபோடும் வேலை. டிராஃப்ட் ஏப்ரல் கடைசியில் நடக்கிறது. 32 அணிகள் ஏழு சுற்றுகளில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் அதிகம் தோற்ற அணிக்கு முதல் உரிமை, அதைப் பிற அணியோடு மாற்றிக்கொள்ளலாம். 1936இல் பிலடெல்பியாவில் தொடங்கிய வழக்கம் இது. உயர்நிலைப் பள்ளியை விட்டு மூன்று ஆண்டுகள் கழிந்த வீரரே இதில் பங்குபெற முடியும்.

கார்னர்பேக் தடுப்பணியின் ஓரக் காவலர். எதிரணியின் குவார்ட்டர்பேக் வீசும் பந்தைப் பிடிக்க ஓடும் வைட் ரிசீவரை மறிப்பது அவர் பொறுப்பு. ரிசீவருக்குத் தான் எங்கே திரும்பப் போகிறோம் என்பது தெரியும். கார்னர்பேக்குக்குத் தெரியாது, அவர் பின்னோக்கி ஓடிக்கொண்டே அதை ஊகிக்க வேண்டும். ஆட்டத்திலேயே கடினமான இடம் இதுதான் என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்வது மிகையில்லை.

மதிப்பிடுபவருக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. கார்னர்பேக் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் பந்து அவர் பக்கமே வராது. புள்ளிவிவர ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே வெற்றிடம்தான் இருக்கும். விக்கெட் கீப்பரைப் போல, தவறவிட்டால் மட்டும் ஊர் முழுக்கப் பெயர் தெரியும். தொலைக்காட்சி ஒளிபரப்பும் உதவாது: பந்து கையை விட்டுக் கிளம்பும்வரை கேமரா நடுக்களத்தையே காட்டுகிறது, ஓரத்தில் நடக்கும் மல்லுக்கட்டு சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. அதனால் அணிகளுக்காக வீரர்களை எடைபோடும் ஸ்கவுட்டுகள், உயரத்திலிருந்து 22 வீரர்களும் தெரியும்படி எடுக்கப்பட்ட தனிக் காட்சிப்பதிவைத்தான் நம்புகிறார்கள்.

கல்லூரி விதியும் தொழில்முறை விதியும்

கல்லூரிக் காட்சிப்பதிவை அப்படியே நம்பவும் முடியாது. இரண்டு இடங்களிலும் ஆடப்படுவது ஒரே ஆட்டம்தான் என்றாலும், கார்னர்பேக்கைத் தொடும் விதிகள் வேறு வேறு.

முதலாவது, தொடுதல். என்எஃப்எல்லில் பந்து வைக்கப்படும் கோட்டிலிருந்து 5 கெஜத்துக்குள் மட்டுமே ரிசீவரை முட்டித் தள்ளலாம். அதற்கு அப்பால் தள்ளினால் அபராதம். 1978இல் வந்த இந்த விதியை மெல் பிளவுண்ட் விதி என்றே அழைப்பதுண்டு. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் பிளவுண்ட் 6 அடி 3 அங்குல உயரம். 1970 டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் வந்தவர். அவரிடம் சிக்கிய ரிசீவர்கள் ஓடவே முடியாமல் தவித்தார்கள். கல்லூரி விதியில் இந்த 5 கெஜக் கோடு கிடையாது. பந்து வீசப்படும்வரை, தனக்கு எதிரே இருக்கும் ரிசீவரைக் கையால் தடுத்துக்கொண்டே போக அங்கே இடமுண்டு. கல்லூரியில் 12 கெஜத் தூரம் வரை தோளைப் பிடித்தபடி ஓடி வெற்றி பெற்றவர், தொழில்முறை ஆட்டத்தில் அதே பழக்கத்துக்காக வாரந்தோறும் நடுவரின் மஞ்சள் துணியைப் பார்க்க நேரும்.

இரண்டாவது, தண்டனையின் கனம். பந்தைப் பிடிக்க விடாமல் முறைகேடாகத் தடுத்தால் கல்லூரியில் அதிகபட்சம் 15 கெஜம் இழப்பு. என்எஃப்எல்லில் தவறு நடந்த இடத்துக்கே பந்து போய்விடும். 40 கெஜத்துக்கு அப்பால் நடந்திருந்தால் அந்த 40 கெஜமும் போனதுதான். கல்லூரியில் நீண்ட பந்துக்குத் தோற்றுவிட்டால், பேசாமல் ரிசீவரைப் பிடித்து இழுத்துவிடுவது கணக்குப்படி லாபம். ஒரு கார்னர்பேக் இதை அறிந்து செய்தாரா, பதற்றத்தில் செய்தாரா என்பதை ஸ்கவுட் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதைச் சாதாரண ரசிகர்கள் கவனிப்பதே இல்லை. களத்தின் அகலம் 160 அடி. ஆட்டம் தொடங்கும் பந்து, நடுவே உள்ள இரண்டு வரிசைக் குறிகளுக்குள்தான் வைக்கப்படும். கல்லூரியில் இந்தக் குறிகளுக்கு இடையே 40 அடி. என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. கல்லூரியில் பந்து இடது குறியில் இருந்தால் இடப்பக்கம் 60 அடியும் வலப்பக்கம் 100 அடியும் மிஞ்சும். பல கல்லூரிகள் ஒரு கார்னர்பேக்கைக் குறுகிய பக்கத்துக்கும் இன்னொருவரை அகன்ற பக்கத்துக்கும் நிரந்தரமாக ஒதுக்கிவிடுகின்றன. குறுகிய பக்கத்தில் ஆடியவருக்குப் பக்கக்கோடே ஒரு துணைக் காவலர். அகன்ற பக்கத்தில் பந்து வெகுதூரம் பறந்து வர வேண்டும். ஆகவே திரும்பிப் பாய நேரம் கிடைக்கும். தொழில்முறைக் களத்தில் இந்த இரு சலுகைகளும் பெருமளவு இல்லை. யார் எந்தப் பக்கம் ஆடினார் என்பதைக் குறிக்காத மதிப்பீட்டு அறிக்கையைப் பாதி அறிக்கை என்றே சொல்லலாம்.

காட்சிப்பதிவில் பார்ப்பவை

பந்தை 10 கெஜம் முன்னேற்ற அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் இது மூன்றாவது, இன்னும் 7 கெஜம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கார்னர்பேக் ரிசீவரின் முகத்துக்கு நேரே ஒரு கெஜத் தூரத்தில் நிற்கிறார். பந்து நகர்ந்ததும் ரிசீவர் வெளிப்பக்கம் காலை வைத்துப் பாசாங்கு செய்துவிட்டு உள்ளே பாய்கிறார். ஸ்கவுட் முதலில் பார்ப்பது கார்னர்பேக்கின் கால்களை. பாசாங்கை நம்பி எடையை ஒரு காலில் போட்டாரா, அல்லது சிறு சிறு அடிகளாக வைத்துக் காத்திருந்தாரா? அடுத்தது கை: எதிராளியின் நெஞ்சில் பட்டதா, காற்றில் வீசப்பட்டதா? அதற்கடுத்தது இடுப்பு. பின்னோக்கிப் போகும் உடலைப் பக்கவாட்டிலோ முன்னாலோ திருப்பும் அந்தக் கணத்தில் வேகம் குறையாதவரை ‘இடுப்பு இளகியவர்’ என்பார்கள். திரும்ப ஒரு அடி கூடுதலாக எடுத்துக்கொள்பவர் இடுப்பு இறுகியவர். அந்த ஒரு அடியில் ரிசீவர் இரண்டு கெஜம் விலகியிருப்பார்.

கடைசியில் பந்து. ரிசீவரின் தோளோடு தோளாக ஓடும் கார்னர்பேக், தலையைத் திருப்பிப் பந்தைத் தேட வேண்டிய நேரம் ஒன்று உண்டு. முன்னதாகத் திரும்பினால் ஆள் நழுவிப் போவார். தாமதித்தால் பந்து தலைக்கு மேல் விழும். ரிசீவரின் கண் விரிவதையும் கை உயர்வதையும் பார்த்துத் திரும்பச் சொல்லிக்கொடுப்பார்கள். சொல்லிக்கொடுத்து வருவது கொஞ்சம்தான். கல்லூரியில் நன்றாக ஓடிப்போய் எதிராளியை ஒட்டி நின்றும், பந்து வரும்போது திகைத்துவிடும் வீரர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அவர்களை நம்பி முதல் சுற்றுத் தேர்வைச் செலவிட்டுப் பின்னர் வருந்திய அணிகள் பல.

அணியின் முறையும் கணக்கில் வரும். சில அணிகள் ஆளுக்கு ஆள் ஒட்டிக் காக்கின்றன. சில அணிகள் களத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவர் என நிறுத்துகின்றன. முதல் முறைக்குப் பொருந்தும் உடல் வேறு, இரண்டாவதற்கு வேண்டிய கண் வேறு. பகுதி காப்பவர் குவார்ட்டர்பேக்கின் தோளைப் படித்துக்கொண்டே தன் முதுகுக்குப் பின்னால் யார் நுழைகிறார் என்றும் உணர வேண்டும்.

அளவுகள்

இண்டியானாபோலிஸ் நகரில் 1987 முதல் நடந்துவரும் கம்பைன் என்ற உடற்தகுதிச் சோதனையில்தான் எண்கள் பிறக்கின்றன. 40 கெஜ ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டும் உயரமும் நீளமும், திசைமாற்ற ஓட்டங்கள், 225 பவுண்டு பளு தூக்கல் ஆகியவை அங்கே அளக்கப்படுகின்றன. உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்கிறார்கள். பின்னர் ஒவ்வொரு கல்லூரியிலும் நடக்கும் சோதனை நாளில் இவற்றில் சில மறுபடி நடக்கும்.

செய்தித்தாள்களில் தலைப்பாவது 40 கெஜ ஓட்டம். 4.4 நொடிக்குள் ஓடினால் கார்னர்பேக்குக்கு நல்ல வேகம், 4.6ஐத் தொட்டால் பேச்சு தொடங்கிவிடும். ஆனால் ஆட்டத்தில் யாரும் 40 கெஜம் தடையின்றி நேர்கோட்டில் ஓடுவது அபூர்வம். முதல் 10 கெஜத்துக்கு ஆன நேரத்தைத் தனியாகப் பார்ப்பவர்களே விவரம் தெரிந்தவர்கள்.

கை நீளம் இன்னொரு வகைப் பித்து. பீட் கேரல் பயிற்றுவித்த காலத்தில் சியாட்டில் சீஹாக்ஸ் அணி 32 அங்குலத்துக்குக் குறைந்த கையுள்ள கார்னர்பேக்கை டிராஃப்டில் எடுப்பதில்லை என்ற வழக்கத்தை 2021 வரை காத்துவந்தது. நீண்ட கை ரிசீவரை முதல் அடியிலேயே தடுக்கும். ஒரு கெஜம் பின்தங்கினாலும் பந்தைத் தட்டிவிடும். 2011இல் ஐந்தாம் சுற்றில், 154ஆவது இடத்தில் அந்த அணி எடுத்த ரிச்சர்ட் ஷெர்மன் இதற்குச் சான்று. ஸ்டான்ஃபோர்டில் ரிசீவராக ஆடி, பாதியில் கார்னர்பேக்காக மாறியவர். 40 கெஜ ஓட்டத்தில் 4.5 நொடியைத் தாண்டியவர். உயரமும் கையும் ஆட்டத்தைப் படிக்கும் மூளையும் அந்தக் குறையை ஈடுகட்டின.

எடையைப் பற்றிய எச்சரிக்கைக்கு இமானுவேல் ஃபோர்ப்ஸின் பெயரைச் சொல்வார்கள். மிசிசிப்பி ஸ்டேட்டில் ஆடியபோது, எதிரணி வீசிய பந்தை ஆறு முறை இடைமறித்து, எல்லைக் கோடு வரை ஓடி டச்டவுனாக்கினார். உயர்நிலைக் கல்லூரி ஆட்டத்தில் அது சாதனை. கம்பைனில் அவர் எடை 166 பவுண்டு. 2023இல் வாஷிங்டன் அணி 16ஆவது தேர்வாக அவரை எடுத்தது. கனமான ரிசீவர்கள் அவரைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். இரண்டாம் பருவம் முடியும் முன்பே அணி அவரை விடுவித்தது. அவருக்கு அடுத்த 17ஆவது தேர்வாக நியூ இங்கிலாந்துக்குப் போன கிறிஸ்டியன் கொன்சாலஸ் லீகின் முன்னணிக் கார்னர்பேக்குகளில் ஒருவரானார்.

நேர்காணல்களுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் கம்பைனில் நேரம் ஒதுக்கப்படுகிறது. பல அணிகளுக்கு இண்டியானாபோலிஸ் போவதன் முதல் நோக்கமே மருத்துவர்களின் அறிக்கைதான். அலபாமாவின் கூல்-எய்ட் மெக்கின்ஸ்ட்ரியின் பாதத்தில் எலும்பு முறிவு இருப்பது 2024 கம்பைனில்தான் தெரியவந்தது; முதல் சுற்றில் பேசப்பட்டவர் 41ஆவது இடத்துக்கு இறங்கினார். அதே ஆண்டு, ஐயோவாவில் கால் முறிந்த கூப்பர் டிஜீனை அவருக்கு ஓரிடம் முன்னதாக பிலடெல்பியா ஈகிள்ஸ் எடுத்தது. அடுத்த பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில், எதிரணிக் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் வீசிய பந்தை இடைமறித்து டச்டவுன் போட்டவர் அவர்தான்.

2022: ஒரு டிராஃப்ட், பல தீர்ப்புகள்

இந்த வேலையின் தன்மையை ஒரே ஆண்டில் காண 2022 டிராஃப்டைப் பார்க்கலாம். மூன்றாவது தேர்வாக ஹூஸ்டனுக்குப் போன டெரிக் ஸ்டிங்லி, எல்எஸ்யூ கல்லூரியில் முதலாண்டு மாணவராக 2019இல் ஆறு இடைமறிப்புகள் செய்தவர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை. 2021இல் பாதக் காயத்தால் மூன்று ஆட்டங்களே ஆடினார். ஹூஸ்டன் மூன்று ஆண்டு பழைய காட்சிப்பதிவை நம்பியது. தொடக்கத்தில் காயங்கள் வாட்டினாலும் 2024இல் அவர், பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பெற்றார். நான்காவது தேர்வு சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் சாஸ் கார்ட்னர். மூன்று கல்லூரிப் பருவங்களிலும் அவர் காத்த ரிசீவர் எவரும் டச்டவுன் பிடித்ததில்லை; கை நீளம் 33.5 அங்குலம். எதிராளிகளின் தரம் பற்றிய ஐயம் இருந்தது. முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது பெற்று அதைத் தீர்த்துவைத்தார்.

21ஆவது இடத்தில் வந்த டிரென்ட் மெக்டஃபியின் கை 30 அங்குலத்துக்கும் குறைவு. அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தவர்கள் தயங்கினார்கள். கேன்சஸ் சிட்டி மேலேறி வந்து எடுத்தது. 2023இல் அவரும் ஆல்-ப்ரோ. 23ஆவது இடத்துக்கு பஃபலோவும் மேலேறி வந்து ஃப்ளோரிடாவின் கையிர் எலமை எடுத்தது. ரிசீவரை ஒட்டி மல்லுக்கு நிற்பதில் பெயர்பெற்றவர் அவர். பஃபலோ ஆடியதோ பெரும்பாலும் பகுதிக் காவல். அதே டிராஃப்டின் ஆறாம் சுற்றில் வில்லநோவாவிலிருந்து அதே அணி எடுத்த கிறிஸ்டியன் பென்ஃபோர்ட் அவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டார். 2025இல் எலம் டல்லஸுக்கு மாற்றப்பட்டார். எலமின் திறமையைத் தவறாக எடைபோட்டார்கள் என்பதைவிட, தங்கள் முறைக்குப் பொருந்தாதவரை வாங்கினார்கள் என்பதே சரியாக இருக்கும்.

ஓட்டப் பட்டியலில் அந்த ஆண்டு முதலிடம் பேய்லரின் கேலன் பார்ன்ஸுக்கு: 4.23 நொடி. டெக்ஸஸ்-சான் அன்டோனியோவின் டாரிக் வூலன் 4.26. வூலன் 6 அடி 4 அங்குலம், ரிசீவராக இருந்து மாறியவர். சியாட்டில் 153ஆவது இடத்தில் எடுத்தது. முதல் பருவத்தில் ஆறு இடைமறிப்புகளோடு லீகின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். பார்ன்ஸ் ஏழாம் சுற்றில் 242ஆவது தேர்வாக கரோலினாவுக்குப் போனார். பருவம் தொடங்கும் முன்பே விடுவிக்கப்பட்டார். அடுத்த தேர்வு, 243, கேன்சஸ் சிட்டி எடுத்த ஜெய்லன் வாட்சன். கல்லூரிக் காலத்தின் இடையே துரித உணவுக் கடையில் வேலை பார்த்தவர். தன் இரண்டாவது ஆட்டத்திலேயே சார்ஜர்ஸ் வீசிய பந்தை இடைமறித்து 99 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார்.

ஐந்தாம் சுற்றில் 167ஆவதாக டல்லஸ் எடுத்த டரான் பிளாண்ட், 2023இல் ஐந்து இடைமறிப்புகளை டச்டவுனாக்கி என்எஃப்எல் சாதனை படைத்தார்.

டிராஃப்டில் யாருமே எடுக்காதவர்களின் வரிசையும் நீளமானது. 1952இல் அப்படி வந்து முதல் பருவத்திலேயே 14 இடைமறிப்புகள் செய்த டிக் ‘நைட் டிரெயின்’ லேனின் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. 1981இல் கிராம்ப்ளிங் ஸ்டேட்டின் எவர்சன் வால்ஸை ஓட்டம் போதாது என்று எல்லா அணிகளும் ஒதுக்கின; டல்லஸில் முதல் பருவத்தில் 11 இடைமறிப்புகள் செய்தார். வெஸ்ட் அலபாமாவின் மால்கம் பட்லர் 2014இல் தேர்வாகாமல் நியூ இங்கிலாந்தின் முயற்சி முகாம் வழியே அணிக்குள் நுழைந்தார். அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலை, எல்லைக் கோட்டில் பந்தை இடைமறித்து முடித்துவைத்தவர் அவரே.

2025 டிராஃப்டில் ஜாக்சன்வில் மேலேறி வந்து இரண்டாவதாக எடுத்த கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர் மதிப்பீட்டாளர்களுக்குப் புதிய கேள்வியை வைத்தார். முந்தைய ஆண்டு சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வென்ற அவர், ஒரே ஆட்டத்தில் ரிசீவராகவும் கார்னர்பேக்காகவும் ஆடியவர். அவரை எந்தப் பட்டியலில் எழுதுவது என்பதில் அணிகள் ஒன்றுபடவில்லை. இரண்டிலும் எழுதிய அணிகளும் உண்டு.