அவங்க எப்ப சார் தூங்குனாங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் என் தங்கையின் பேத்தி போன் செய்தாள். நீட் தேர்வுக்கு இரண்டாவது முறையாகப் படிக்கிற பிள்ளை. "தாத்தா, தூக்கமே வராம இருக்க ஒரு மாத்திரை இருக்காமே, கூடப் படிக்கிற பொண்ணு வாங்கிச் சாப்பிடுறா. நானும் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தது வரலாறு, மருத்துவம் இல்லை. அதனால் வரலாற்றைச் சொன்னேன். அவளுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு இரண்டாம் உலகப்போர் பாடம் ஞாபகம் இருக்கும். 1940 மே 10ஆம் தேதி ஜெர்மன் படை மேற்கு நோக்கிப் பாய்ந்தது. யாரும் எதிர்பார்க்காத ஆர்டென் காட்டு வழியாக டாங்கிகள் வந்தன. மே 13இல் மியூஸ் ஆற்றைக் கடந்தார்கள். மே 20இல் கடற்கரையைத் தொட்டுவிட்டார்கள். 'மின்னல் போர்' என்று கரும்பலகையில் எழுதி, காரணங்கள் என்று டாங்கி, விமானம், வயர்லெஸ், பிரெஞ்சுத் தளபதிகளின் தவறுகள் என வரிசையாகச் சொல்வேன். ஐந்து மதிப்பெண் கேள்வி.

ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "ராத்திரி பகலா போனாங்கன்னா, அவங்க எப்ப சார் தூங்குனாங்க?" வகுப்பே சிரித்தது. "உன்னை மாதிரி வகுப்புல தூங்கல, உட்காரு" என்றேன். இன்னும் சிரிப்பு. பையன் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டான்.

ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது, முப்பது வருட ஆசிரியர் வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று. பதில் ஒரு சின்ன மாத்திரையில் இருந்தது. பெயர் பெர்விட்டின். பெர்லினில் இருந்த டெம்லர் என்ற மருந்து கம்பெனி 1938இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருந்தது மெத்தாம்பெட்டமின். இன்று போலீஸ் பிடித்ததாகச் செய்தித்தாளில் படிக்கிறோமே, அதே சரக்குதான். அன்று டாக்டர் சீட்டுகூட இல்லாமல் மருந்துக்கடையில் கிடைத்தது.

ராணுவ மருத்துவக் கழகத்தில் ஓட்டோ ராங்கே என்ற மருத்துவர் இதைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். விழித்திருந்தார்கள், உற்சாகமாகவும் இருந்தார்கள். ஆனால் யோசித்துச் செய்யவேண்டிய வேலை ஒன்றும் மேம்படவில்லை, கணக்கில் பிழைகள் கூடின. இந்த இடத்தைத்தான் பேத்திக்கு இரண்டு முறை அழுத்திச் சொன்னேன். ராணுவத்துக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. டாங்கி ஓட்டுகிறவன் தூங்கி விழாமல் இருந்தால் போதும். 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டும் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் இந்த வகை மாத்திரைகள் மூன்றரைக் கோடி போயின. சிப்பாய்கள் 'டாங்கி சாக்லேட்' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள்.

மாத்திரையால்தான் பிரான்ஸ் விழுந்தது என்று எழுதுகிறவர்களும் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் கரும்பலகையில் எழுதிய காரணங்கள் இன்றும் சரியானவையே. ஒன்றை எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான்.

அந்தச் சிப்பாய்களில் ஒருவர் ஹைன்ரிஷ் போல். பிற்காலத்தில், 1972இல், இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கினார். இளைஞனாகப் போலந்தில் பணியில் இருந்தபோது கொலோன் நகரத்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெர்விட்டின் அனுப்பச் சொல்லிக் கேட்கிறார். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. ஊறுகாய் அனுப்பு என்று நம் பிள்ளைகள் ஹாஸ்டலிலிருந்து எழுதுவது போல. தங்கள் பிள்ளை என்ன கேட்கிறான் என்று அந்த அப்பா அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்தபடி அந்தப் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

1941இல் ஜெர்மன் அரசே இதை அபின் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ஆனாலும் போர்முனையில் நிற்கவில்லை. நல்லவர்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகள் பென்சட்ரின் என்ற சகோதர மாத்திரையைக் கொடுத்தன.

ஜப்பான் கதைதான் இன்னும் மோசம். இந்த வேதிப்பொருளை 1893இல் முதலில் உருவாக்கியவரே நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானியர். பெர்லினில் படித்தவர். 1941இல் அங்கே இது ஹிரோப்பான் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 'உழைப்பை நேசிப்பவர்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர். பெயர் வைத்தவன் கெட்டிக்காரன். சிப்பாய்க்குக் கொடுத்தார்கள், ஆயுதத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தவர்களுக்கும் கொடுத்தார்கள். 1945இல் போர் முடிந்தது, கிடங்கில் இருந்த மாத்திரை முடியவில்லை. எல்லாம் சந்தைக்கு வந்தது. வீடிழந்தவர்கள், வேலையில்லாத இளைஞர்கள், விடிய விடிய எழுதிய எழுத்தாளர்கள் என்று ஊரே பிடித்துக்கொண்டது. சகாகுச்சி அங்கோ என்ற பெரிய எழுத்தாளர் இதனால் 1949இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மாத்திரை போதாமல் ஊசிக்குப் போனார்கள். 1951இல் தடைச்சட்டம் வந்தது. அப்படியும் 1954இல் ஒரே வருடத்தில் 55,000 பேருக்கு மேல் கைதானார்கள். விழித்திருந்து நாட்டுக்கு உழை என்று அரசாங்கம் கையில் கொடுத்த மாத்திரைக்கு, பத்து வருடம் கழித்து அதே அரசாங்கம் விலங்கு மாட்டியது.

உடம்பு இதை எப்படிப் பார்க்கிறது என்றும் அவள் கேட்டாள், உயிரியல் படிக்கிறவள் அல்லவா. விழித்திருக்கிற நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகிறது, அதுதான் தூக்கத்தை அழைக்கிறது. காபி அந்த அழைப்பு காதில் விழாமல் செய்கிறது. பெர்விட்டின் வகை மாத்திரை டோப்பமினைக் கொட்டவைத்து மூளையை விரட்டுகிறது. இரண்டிலும் தூக்கக் கடன் அடைவதில்லை. படித்தது நினைவில் படிவதும் தூக்கத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது.

இனி அவளுக்குச் சொல்லாமல் விட்டது. பி.ஏ. கடைசி வருடப் பரீட்சையின்போது எங்கள் விடுதியில் சீனியர் ஒருவர் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். அதன் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு இரவு கண் மூடவில்லை. உலகத்தையே வென்றது போல இருந்தது. மூன்றாம் நாள் பரீட்சை ஹாலில் கை நிற்காமல் எழுதினேன். பாதி நேரத்தில் புரட்டிப் பார்த்தால், முதல் கேள்விக்கான விடையையே இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் எழுதியிருக்கிறேன். நெஞ்சு படபடவென்று அடிக்க, பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் படுத்துவிட்டேன். அந்தப் பேப்பர் போயிற்று. அப்பாவிடம் கேள்வித்தாள் கஷ்டம் என்று சொன்னேன். அவர் கடன் வாங்கித்தான் மறுபடி பணம் கட்டினார். அவர் போய் 22 வருடம் ஆகிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியும் இந்தப் பதிவில்தான் படிப்பாள்.

பேத்தி எல்லாம் கேட்டுவிட்டு, "சரி தாத்தா, அப்ப பத்தரைக்குப் படுத்துடறேன், காலையில நாலரைக்கு நீங்க போன் பண்ணி எழுப்புங்க" என்றாள். ஆறு நாளாக எழுப்புகிறேன். நேற்று மட்டும் நான் தூங்கிவிட்டேன், அவள்தான் எழுப்பினாள்.

கடைசி பெஞ்சுத் தம்பி, உன் பெயரை இங்கே போடவில்லை. இதைப் படித்தால் கமெண்டில் வா. உன் கேள்விக்குப் பதில் இதுதானப்பா. அன்று சிரித்ததற்கு மன்னித்துக்கொள்.