தணிகைமணியின் அட்டவணை



லாச்சப்பலில் கூட்டம் என்றால் சாமான் வாங்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். லா கூர்னெவுக்கு வரச்சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். கார் து நோரிலிருந்து ஆர்.இ.ஆர். பி ரயிலில் இரண்டாவது தரிப்பு, அவ்வளவுதான். ஆனால் நான் பேசப்போகும் விஷயத்துக்கு இந்த ஊர்தான் பொருத்தம். நீங்கள் இறங்கிய நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. 2009இல் இங்கே திறந்தார்கள். பிரான்ஸ் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் பேணப்படுவது அங்கேதான்.

அந்த வகையில் நமக்கு நெருக்கமானது, புதுச்சேரியை இந்தியாவுக்குக் கையளித்த 1956 மே 28 ஒப்பந்தம். 1955 மார்ச் 21 அன்று தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆய்வுக்கும் உயர்கல்விக்குமான இடமாகத் தொடரும் என்று அதில் ஓர் ஏற்பாடு உண்டு. ஆட்சி போனது; நிறுவனம் நின்றது. அதன் முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. அங்குள்ள சைவ ஏட்டுச்சுவடிகளைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியும். 2005இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆனால் அதே நிறுவனத்தில் காய்ந்த இலைகளும் மகரந்தத் துகள்களும் சேர்த்துவைக்கப்பட்டிருப்பதைப் பற்றி இலக்கியக்காரர்கள் நாம் பேசுவதே இல்லை.

துலூஸைச் சேர்ந்த ஹென்றி கோசென், பியர் லெக்ரி, இந்தியரான மெஹர்-ஹோம்ஜி ஆகியோர் தாவர வரைபடங்களை உருவாக்கினார்கள். அளவு பத்து லட்சத்துக்கு ஒன்று. கன்னியாகுமரித் தாள் 1961இல் வந்தது. காட்டை மட்டும் வரைந்து நிறுத்தவில்லை. மண், மழை, வெயில், பயிர் எல்லாவற்றுக்கும் ஓரத்தில் சிறு படங்கள். கோசென் ஓர் எளிய கணக்கு வைத்திருந்தார்: ஒரு மாதத்தின் மழை மில்லிமீட்டரில், அந்த மாதத்தின் சராசரி வெப்ப அளவின் இருமடங்கைத் தாண்டாவிட்டால், அது வறண்ட மாதம். சராசரி 28 பாகை என்றால், 56 மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்ய வேண்டும். எங்கள் ஊர்க் கமக்காரர் இதைக் கேட்டால், இதற்கு ஏன் துலூஸ் போக வேண்டும் என்பார். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல் வைத்ததால்தான் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட முடிந்தது.

நான் சொல்ல வந்தது தணிகைமணியைப் பற்றி. கணபதி தணிகைமணி, 1938இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். கன்னட எழுத்தாளருமான பி.ஜி.எல். சுவாமி அங்கே பேராசிரியராக இருந்த காலம் அது. பிறகு புதுச்சேரி நிறுவனத்தில் மகரந்த ஆய்வகம்.

மகரந்தத்தின் மேலுறை லேசில் அழியாது. சதுப்பு நிலத்துச் சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். அதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அன்று அங்கே என்ன மரம் நின்றது என்று சொல்லலாம். ஆனால் எப்படிச் சொல்வது? இன்றைய மரத்தின் மகரந்தம் கண்ணாடித் தகட்டில் இருக்க வேண்டும், ஒப்பிட. அந்தத் தகட்டின் எண், பூ எடுக்கப்பட்ட காய்ந்த செடியின் தாளுக்குப் போக வேண்டும். அந்தத் தாளில் யார், எங்கே, என்றைக்குப் பறித்தது என்று எழுதியிருக்க வேண்டும். எண் அழிந்துபோனால் தகடு வெறும் கண்ணாடி.

தணிகைமணி இதற்கும் ஒரு படி மேலே போனார். உலகில் எந்தப் பூக்கும் தாவரத்தின் மகரந்தத்தை யார் எந்தக் கட்டுரையில் விவரித்திருக்கிறார் என்று பெயர்வரிசைப்படி ஓர் அட்டவணை தொகுத்தார். 1972இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. அதற்குப் பின்னிணைப்புகள் 1986வரை வந்தன. கணினித் தேடல் இல்லாத காலம். தான் கண்டுபிடித்ததைச் சொன்னால் புகழ் வரும். அடுத்தவர் கண்டுபிடித்தது எங்கே இருக்கிறது என்று சொல்பவரை யார் நினைவில் வைக்கிறார்கள்? எனக்கு அந்த அட்டவணைதான் பெரிதாகத் தெரிகிறது.

1986 செப்டம்பர் 5. கராச்சி விமான நிலையத்தில் பான் ஆம் 73 விமானம் கடத்தப்பட்டது. கொல்லப்பட்டவர்களில் தணிகைமணியும் ஒருவர். வயது 48. அலையாத்திக் காடுகளின் மகரந்தம் பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. அவர் கையில் இருந்த வேலை அவரோடு போகவில்லை. ஏனென்றால் அது அவர் தலைக்குள் மட்டும் இருக்கவில்லை.

நிறுவனம் அதே வழக்கத்தைத் தொடர்ந்தது. குடகின் உப்பங்களாவில் 1990ஐ ஒட்டி ஒரு காட்டுத்துண்டைக் குறித்து, மரத்துக்கு மரம் எண் கொடுத்து, சுற்றளவை மீண்டும் மீண்டும் அளந்தார்கள். அந்த அளவுகள் 2011இல் ‘எக்காலஜி’ இதழ் வழியாக யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியாயின. இருபது ஆண்டு உழைப்பைப் பூட்டிவைக்காமல் கொடுப்பது சாதாரணமல்ல. கட்டுரை எழுதி முடித்ததும் அளவுகள் மேசை இழுப்பறையில் மக்கிப்போவதுதான் உலக வழக்கம்.

கடைசியாக ஒன்று. அந்த வரைபட வரிசையில் இலங்கைக்கும் ஒரு தாள் உண்டு, 1960களில் அச்சானது. வன்னிக் காடு அன்று எப்படி நின்றது என்பதற்கு அது ஒரு சாட்சி. போருக்கு முந்திய காடு. உங்கள் அப்பாவோ அம்மாவோ நடந்த காடாகவும் இருக்கலாம். அந்தத் தாளை எடுத்து வீட்டில் பெரியவர்களுக்கு முன்னால் விரித்து வையுங்கள். அவர்கள் விரல் எங்கே போகிறது என்று பார்த்து, ஊர்ப்பெயரையும் அவர்கள் சொல்லும் மரப்பெயரையும், தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனிக் கேள்விகளுக்குப் போகலாம்.