வழிப்போக்கருக்கு இட்ட சோறு: தஞ்சைச் சத்திரங்களின் வரலாறு

முன்பின் அறியாத வழிப்போக்கருக்குச் சோறும் நீரும் தங்க இடமும் அளிப்பது தமிழகத்துச் சமயங்கள் அனைத்தும் ஒருமித்துப் போற்றிய அறமாகும். எனினும் அந்த அறம் பல நூற்றாண்டுகள் இடையறாது நடந்து வந்ததற்குக் காரணம் பக்தி மட்டும் அன்று. நிலம், அந்நிலத்தின் விளைச்சல், அதற்கான கணக்கு, அதைக் காக்கும் பொறுப்பு ஆகியவற்றோடு அது பிணைக்கப்பட்டிருந்ததால், கொடுப்பவர் மறைந்த பின்னரும் கொடை மறையாமல் நின்றது. இந்த ஏற்பாட்டின் வலிமையையும் குறையையும் ஒருசேரக் காட்டும் சான்றுகளாகத் தஞ்சாவூர் மராட்டிய மன்னர்கள் நிறுவிய சத்திரங்கள், அதாவது யாத்திரிகர்கள் கட்டணமின்றி உண்டு தங்கிச் செல்வதற்கான அறச்சாலைகள், விளங்குகின்றன.

இவ்வறத்தின் வேர்கள் மராட்டியர் காலத்துக்கு மிகவும் முற்பட்டவை. பசித்தவர் யாராயினும் அவருக்கு உணவிடுவதையே பெரும் அறமாகக் கொண்ட பௌத்தக் காப்பியமான மணிமேகலை, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை ஆபுத்திரன் கையிலும் பின்னர் மணிமேகலை கையிலும் தந்து, அவ்வறத்தையே கதையின் உயிர்நாடியாக்கியது. சைவத்தில், 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம், திங்களூரைச் சேர்ந்த அப்பூதியடிகள் தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்த வரலாற்றைக் கூறுகிறது. வெயில் கடுமையான காலங்களில் சாலையோரம் பந்தலிட்டு, மண்பானைகளில் நீர் நிரப்பி, வருவோர்க்கெல்லாம் வார்க்கும் அந்த வழக்கம் இன்றும் கோடையில் ஊர்தோறும் காணப்படுவதாகும்.

காப்பியங்களும் புராணங்களும் போற்றிய இவ்வறம் எவ்வாறு நாள்தோறும் நடந்தது என்பதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அம்பலம் எனப்பட்ட பொதுமண்டபத்தில் நீர் வார்ப்பவருக்கும், அங்கு வேண்டிய கலங்களை வனைந்து தரும் குயவருக்கும், தனித்தனியே நெல்லோ நிலமோ ஒதுக்கப்பட்டது. உணவிடும் சாலைகளுக்கு விடப்பட்ட நிலம் சாலாபோகம் என்றும், துறவிகளும் அடியார்களும் தங்கும் மடங்களுக்கு விடப்பட்ட நிலம் மடப்புறம் என்றும் பெயர் பெற்றன. சந்திரனும் சூரியனும் உள்ளவரை அறம் நடைபெற வேண்டும் என்று விதித்து, அதைக் காப்பவரை வணங்கியும் அழிப்பவரைச் சபித்தும் அக்கல்வெட்டுகள் முடிகின்றன. ஒரு குடம் தண்ணீருக்குக்கூட நிரந்தர வருவாய் வகுத்த இந்த நுட்பமே பிற்காலச் சத்திரங்களுக்கு அடித்தளமாக அமைந்தது.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இந்த மரபை ஏற்றுக்கொண்டு, அதனை ஒரு பெருவழியோடு இணைத்தனர். காசிக்குச் செல்வோர் சேது என்னும் இராமேசுவரக் கடலிலிருந்து மணல் எடுத்துச் சென்று கங்கையில் கரைப்பதும், கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதசுவாமிக்கு அபிடேகம் செய்வதும் யாத்திரையின் முறையாக இருந்தமையால், வடநாட்டவரும் தென்னாட்டவருமாகிய யாத்திரிகர்கள் தஞ்சை மண்டலத்தைக் கடந்து கீழைக்கடற்கரை ஓரமாகச் சேதுவுக்கு நடந்தனர். அவ்வாறு நடந்தோரில் பலருக்கு இப்பகுதியில் உற்றாரும் இல்லை, பேச மொழியும் இல்லை. நீடாமங்கலம், ஒரத்தநாடு, இராசாமடம், மணமேல்குடி, மீமிசல் முதலிய ஊர்களில் அவர்களுக்கென்றே சத்திரங்கள் எழுந்தன. அவற்றுள் பல அரசகுலப் பெண்களின் பெயர் தாங்கியவை. நீடாமங்கலத்தில் உள்ளது யமுனாம்பாள் சத்திரம் எனப்படும். இரண்டாம் சரபோசி தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாக 1802இல் ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் இவற்றுள் புகழ்பெற்றது.

இச்சத்திரங்களின் நடைமுறையை விரிவாக அறிய உதவும் ஆவணம் ஓர் அரசியல் நெருக்கடியின் விளைவாகத் தோன்றியது. 1799இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி நாட்டின் நிருவாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டையளவில் அதிகாரம் சுருங்கிய சரபோசி, சத்திரங்களும் அவற்றுக்குரிய நிலங்களும் தம் பொறுப்பிலேயே நீடிக்க வேண்டும் என்று வற்புறுத்தி, 1801இல் கம்பெனியின் தஞ்சைப் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்டுக்குக் கடிதம் எழுதினார். ஆட்சியை இழந்த மன்னர் ஒருவர் அறச்சாலைகளை விட்டுக்கொடுக்க மறுத்ததிலிருந்து, அரசனுக்குரிய மதிப்பு எதனால் அமைகிறது என்று அக்காலத்தவர் கருதினர் என்பது விளங்கும்.

அக்கடிதத்தின்படி, அந்தணர் முதல் தீண்டாமைக்கு ஆட்படுத்தப்பட்ட சாதியினர் வரை எல்லா வகை வழிப்போக்கருக்கும், வடநாட்டிலிருந்து வரும் பைராகிகள் முதலிய துறவிகளுக்கும் சத்திரங்களில் சோறு வழங்கப்பட்டது. பிறர் சமைத்ததை உண்ணாத ஆசாரம் உடையவர்கள் அரிசி முதலான பண்டங்களைப் பெற்றுத் தாமே சமைத்துக்கொண்டனர். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று அறிவித்த பின்னரே அன்றைய உணவளிப்பு முடிவுற்றது. நோயுற்ற யாத்திரிகருக்கு மருத்துவரும் மருந்தும், இறந்தவருக்கு அவரவர் சாதி முறைப்படி இறுதிச்சடங்கும், கருவுற்ற பெண்களுக்குப் பேறுகாலப் பராமரிப்பும், கைக்குழந்தைகளுக்குப் பாலும், ஆதரவற்ற சிறுவர்களுக்குக் கல்வியும் அங்கேயே கிடைத்தன. ஆகவே சத்திரம் என்பது உணவகம், மருத்துவமனை, அனாதை இல்லம், பாடசாலை ஆகிய நான்கின் பணிகளையும் ஒரே வளாகத்தில் செய்து வந்த நிறுவனமாகும். இவ்வளவுக்கும் வேண்டிய செலவு, வரி நீக்கி விடப்பட்ட மானிய நிலங்களின் விளைச்சலிலிருந்து வந்தது. காவிரிப் பாசனத்தின் நெல்வளம் இல்லையேல் இந்த அறம் இவ்வளவு பெருகியிருக்க இயலாது.

மராட்டிய மன்னர்களின் கொடை தம் சமயத்தோடு நின்றுவிடவும் இல்லை. நாகூர் தர்காவில் உள்ள மினாராக்களுள் மிக உயரமானதைக் கட்டுவித்தவர் பிரதாபசிம்மர் (1739-1763). தம்மை வளர்த்து ஆளாக்கிய பாதிரியார் சுவார்ட்சின் நினைவாக, கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறித்தவச் சிறுவர்களைப் பேணும் அறம் ஒன்றைச் சரபோசி ஏற்படுத்தினார். எனினும் எல்லோருக்கும் சோறு என்பது எல்லோருக்கும் ஒரே பந்தி என்று பொருள்படவில்லை. சாதிக்குச் சாதி சமையலும் உண்ணும் இடமும் வேறுபட்டன. அந்தணருக்கு உணவிடுவது தனிச்சிறப்புடைய புண்ணியம் என்ற நம்பிக்கை சத்திரங்களின் நடைமுறையை வெகுவாகப் பாதித்தது. புண்ணியம் நாடிச் செய்யும் கொடையில், பெறுபவரின் பசியைவிட அவருடைய தகுதி முந்தி நிற்கும் இடர் எப்போதும் இருந்தது.

இந்த இடரை நேர்நின்று எதிர்த்த முயற்சியாக வடலூரில் இராமலிங்க அடிகள் 1867 மே 23ஆம் நாள் தொடங்கிய சத்திய தருமச்சாலை அமைந்தது. பசியைப் போக்குதலே சீவகாருணியம், அதாவது உயிர்களிடத்துக் காட்டும் இரக்கம், என்றும், அதுவே வழிபாடு என்றும் வரையறுத்த அவர், சாதி, சமயம், ஊர் ஆகிய எதனையும் கேளாமல் உணவிடும் முறையை வகுத்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. அரச மானியம் ஏதுமின்றி, சுற்றுவட்டார மக்கள் அளித்த நிலத்திலும் தானியத்திலும் நடந்த இச்சாலை, பழைய நிறுவன அமைப்பை ஏற்று, அதன் சாதிப் பாகுபாட்டை மட்டும் நீக்கிக் காட்டியது.

சத்திரங்களின் வீழ்ச்சிக்குப் பக்திக் குறைவைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது. 1855இல் மராட்டிய அரசு முடிவுற்றதும் அவற்றின் நிருவாகம் அரசிடமும், பின்னர் உள்ளூர் ஆட்சி அமைப்புகளிடமும் சென்றது. இருப்புப்பாதை வந்ததும் நடந்து செல்லும் யாத்திரிகர் குறைந்தனர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு இராமேசுவரம் புகைவண்டியிலேயே எட்டக்கூடிய ஊராயிற்று. வழிப்போக்கர் குறையத் தொடங்கிய காலம் முதலே சத்திரங்களின் வருவாய் கல்விக்குத் திருப்பப்பட்டது. திருவையாற்றில் 1881இல் தொடங்கிய வடமொழிக் கல்லூரியும், ஒரத்தநாடு முதலிய இடங்களில் அமைந்த மாணவர் விடுதிகளும் அவ்வருவாயில் நடந்தன. அங்கும் பழைய பாகுபாடு தொடர்ந்தது. 1920களில் உள்ளூர் ஆட்சி அமைப்பான தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக இருந்த நீதிக்கட்சித் தலைவர் ஏ. டி. பன்னீர்செல்வம், விடுதிகளைப் பிற சாதி மாணவர்களுக்கும் திறந்துவிட்டதோடு, கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனார் போன்றோரின் முயற்சிக்குத் துணைநின்று, திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ்ப் படிப்புக்கும் இடம் கிடைக்கச் செய்தார். வழிப்போக்கருக்கென எழுதி வைக்கப்பட்ட நிலம், பல தலைமுறைகளுக்குப் பின் உழவர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்குப் பயன்பட்டது இவ்வாறே.

சேதுபாவாசத்திரம், ஒட்டன்சத்திரம், சுங்குவார்சத்திரம் என்று ஊர்ப்பெயர்களில் சத்திரங்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன. கட்டடங்களோ பல இடங்களில் சிதைந்துள்ளன. தமிழகக் கோயில்களில் 2002 முதல் அரசுத் திட்டமாக நடைபெறும் அன்னதானம் இம்மரபின் தொடர்ச்சியே. இவ்வரலாறு உணர்த்தும் உண்மைகள் இரண்டு: அறிமுகமற்றவரிடம் காட்டும் கருணை நிலைபெற வேண்டுமாயின் அதற்கு நிரந்தர வருவாயும் நேர்மையான நிருவாகமும் வேண்டும், அந்தக் கருணை முழுமை பெற வேண்டுமாயின், உண்ண வருபவர் யார் என்று கேளாத ஒரே பந்தி வேண்டும். முன்னதைச் சோழரும் மராட்டியரும் செய்து காட்டினர். பின்னதை வடலூரே செய்து காட்டியது.